கலீல் ரூல்

தோற்பது எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். லைனில் எதிராளி கத்தினால் நானும் கத்துவேன். சீட்டோ, கேரமோ, தாயமோ, உட்கார்ந்தால் ஜெயித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கல்யாணமான முதல் வருஷமே என்னோடு தாயம் ஆடுவதை விட்டுவிட்டார். விவரமான மனுஷன்.

அப்படிப்பட்ட என்னை மூன்று வருஷம் ஒட்டகங்கள் படாத பாடு படுத்தின.

தொண்ணூறாம் வருஷம், பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் நாங்கள் குடிவந்த புதிது. பக்கத்து வீட்டு ஷரீஃபா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் காட்டினாள். அவள் அண்ணன் கலீல் கப்பலில் வேலை பார்க்கிறவர், ஜெர்மனியில் வாங்கியது. உள்ளே மடித்த பலகை, விரித்தால் ஒரு முழுப் பாலைவனம். அங்கங்கே கிணறு, மூலையில் கோட்டைச் சுவர் போட்ட ஊர். மரத்தில் செய்த சின்னச் சின்ன ஒட்டகங்கள், ஆளுக்கு ஐந்து. அதன் பெயரை எங்களில் யாருக்கும் படிக்க வரவில்லை. ஒட்டக ஆட்டம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஷரீஃபா வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் சேர்ந்துவிடுவோம். நான், ஷரீஃபா, ஆஸ்பத்திரி நர்ஸ் செல்வமேரி, அப்புறம் சவுரிமுத்து சார். சார் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். இந்த மாதிரி ஆட்டங்கள் என்றால் அவருக்குப் பைத்தியம். மவுண்ட் ரோடு கடைகள், பர்மா பஜார் எல்லாம் அலைந்து பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தார். தாம்பரத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் அவரைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். "அது வாணாம்மா, ரெண்டு தபா ஆடுனா போரடிச்சிடும். இத்த வாங்கு, வூடே குந்திக்கினு ஆடும்" என்பார். அவரே ஒட்டக ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வூட்ல கீற அத்தினியும் இது முன்னால நிக்காது" என்று சொல்லிவிட்டார்.

பெட்டியில் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. முழுக்க ஜெர்மன். ஆனால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஏனென்றால் விதியெல்லாம் ஷரீஃபாவுக்குத் தெரியும்.

"அண்ணன் இதைக் கொண்டாந்த அன்னிக்கு மத்தியானம் பூரா உக்காந்து சொல்லிக் குடுத்துச்சுக்கா. ஒவ்வொண்ணா. எனக்குப் புரியற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல" என்பாள். இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

அந்தக் குடும்பத்துச் சங்கதி எனக்கும் கொஞ்சம் காதில் விழுந்திருந்தது. அவர்களுடைய அத்தா மவுத்தானபோது கலீல் வரவில்லை. நடுக்கடலில் இருந்தவர் எப்படி வருவார், ஆனால் சொந்தக்காரர்கள் கேட்கவில்லை. பெற்றவனுக்கு மண் போட வராதவன் என்று பேசினார்கள். ஷரீஃபாவின் வீட்டுக்காரர் நசீருதீன் பாய்க்கும் அந்தக் கோபம் உண்டு. அதனால்தான் அண்ணன் வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததை அவள் அத்தனை தடவை சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அண்ணன் எங்களை விட்டுவிடவில்லை என்று ஊருக்குச் சொல்கிறாள், சொல்லட்டும்.

எனக்கு அண்ணனோடு வம்பில்லை. அவர் ரூலோடுதான் வம்பு.

ஆட்டம் ரொம்பச் சுலபம். பகடை உருட்டி ஒட்டகத்தை நகர்த்த வேண்டும். ஊர் சேர்ந்தால் அந்தக் காய் பழம். கிணற்றைத் தவறவிட்ட ஒட்டகம் மணலில் மாட்டிக்கொள்ளும், தானாக நகராது. இதுவரைக்கும் சரி. ஆனால் ஒருத்தருடைய ஐந்து காயும் பழமாகிவிட்டாலும் ஆட்டம் முடியாது. யாருடைய ஒட்டகமாவது மணலில் மாட்டிக்கொண்டு வெளியே நின்றால், பழமான காயையே திரும்ப வெளியே எடுத்துப் போய் அதைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். கடைசி ஒட்டகத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறவர்தான் ஜெயித்தவர். இதற்கு நாங்கள் வைத்த பெயர் கலீல் ரூல்.

இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். அடித்துப் பிடித்து முதலில் ஊர் சேருகிறவள் நான். ஆற அமர உட்கார்ந்திருக்கும் ஷரீஃபா, சவுரிமுத்து சாருடைய ஏதோ ஒரு நோஞ்சான் ஒட்டகத்தைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்து ஜெயித்துவிடுவாள். ஒரு வாரமா, இரண்டு வாரமா, மூன்று வருஷம்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. வரிசையாக நான்காவது வாரம் அதேபோல நடந்தது. நான் பகடையைப் பலகைமேல் போட்டுவிட்டு எழுந்தேன்.

"இதெல்லாம் ஒரு ரூலா? எந்த ஊர்லயாவது ஜெயிச்சவங்க திரும்பிப் போவாங்களா?"

"அண்ணன் அப்படித்தான்கா சொல்லிச்சு" என்றாள் ஷரீஃபா.

"உங்க அண்ணன் பெரிய ஜட்ஜு. பெத்த அப்பாவுக்கே வராத ஆளு, ஒட்டகத்துக்குப் போயி ரூல் போட்டாராக்கும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. செல்வமேரி என் கையைப் பிடித்தாள். சவுரிமுத்து சார், "இன்னாம்மா இது, ஆட்டத்துக்குப் போயி" என்றார். அங்கேயே நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டேனா? "அந்தப் புத்தகத்தைக் குடு, படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட படிச்சுப் பாக்கறேன்" என்றேன். ஷரீஃபாவின் முகம் வெளுத்துப்போனது. புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். திட்டியதால் வந்த வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு பேச்சு நின்றது. சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டால் காய் விடுவார்களே, அதேபோல நாற்பது வயசு தாண்டிய இரண்டு பொம்பிளைகள் காய். கறிவேப்பிலை வேண்டுமென்றால்கூட செல்வமேரி வழியாகத்தான் போயிற்று. மூன்று ஞாயிறு ஆட்டம் இல்லை. மூன்று மணியானால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் நான் இறங்கிப் போவதா?

எங்கள் ஆபீசில் ராஜாராமன் என்று ஒருத்தர். வெளிநாடு போகும் ஆசையில் சாயங்கால வகுப்பில் ஜெர்மன் படித்தவர். வெளிநாடு போகவில்லை, ஜெர்மன் மட்டும் மிஞ்சியது. புத்தகத்தை அவரிடம் கொடுத்தேன். டிக்ஷனரியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்து, தமிழில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார்.

"மேடம், மாட்டிக்கிட்ட ஒட்டகத்துக்கு ரெண்டு சுத்துக்குள்ள தண்ணி கிடைக்கலைன்னா அது செத்துடுச்சுன்னு அர்த்தம். எடுத்துப் பெட்டியில போட்டுடணும். மீதி எல்லாத்தையும் யார் முதல்ல கொண்டு சேர்க்கறாங்களோ அவங்க வின்னர். அவ்வளவுதான்."

"திரும்பிப் போய்க் கூட்டிட்டு வர்றது?"

"அப்படி எதுவுமே இல்லையே மேடம்."

எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவருக்கு கேன்டீனில் போண்டா வாங்கிக் கொடுத்தேன். மூன்று வருஷத் தோல்வி அத்தனையும் உண்மையில் என் வெற்றி. காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

அந்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே போனேன். வாசலில் புதுச் செருப்பு ஒன்று கிடந்தது. உள்ளே பலகை விரித்திருந்தது. செல்வமேரியும் சவுரிமுத்து சாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், கன்னம் ஒட்டிப்போய், தலை பாதி நரைத்த ஓர் ஆள்.

"வாம்மா கனகவல்லி, கரீட்டா வந்துட்ட" என்றார் சவுரிமுத்து சார். "கலீல் தம்பி வந்துகீறாரு. நசீர் பாயே ஹார்பருக்குப் போயி இட்டாந்துட்டாரு. அந்த ரூலு பஞ்சாயத்த இன்னிக்கி முடிச்சிடலாம்."

எனக்குச் சர்க்கரை தின்ற மாதிரி இருந்தது. ரூல் போட்ட ஆளையே எதிரில் உட்காரவைத்துக் கேட்கப்போகிறேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன்.

"தம்பி, நீதான சொல்லிக் குட்த்த, மணல்ல மாட்டின ஒட்டகத்தப் பழமான காய் திரும்பப் போயி இட்டுக்கினு வரணும்னு?" என்று சார் கேட்டார்.

கலீல் பலகையைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். இரண்டையும் முதல்முதலாகப் பார்ப்பவர்போல இருந்தது.

"நானா?" என்றார். "இது நான் வாங்கிட்டு வந்ததுதான். ஆனா நான் அன்னிக்கி உள்ளயே..."

ஷரீஃபாவைப் பார்த்தேன். ஒட்டகங்களை அடுக்கிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை. மூன்று வருஷம் அவள் சொன்ன அந்த மத்தியானம் நடக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் உள்ளே வரவில்லை. வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். படிக்கத் தெரியாத புத்தகத்தோடு தனியாக உட்கார்ந்து இவளே ரூலை உண்டாக்கியிருக்கிறாள். ஒருத்தர் வெளியே நிற்கிற வரைக்கும் ஆட்டம் முடியக் கூடாது என்று. அதைத்தான் நான் ஜெயிக்க முடியவில்லையே என்று கிழித்துப் போட வந்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

"என்ன கலீல் சார், மறந்துட்டீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "கடல்ல போற ஆளுக்கு ஆயிரம் ஞாபகம், இது எங்க நிக்கும். மத்தியானம் பூரா இதே எடத்துல உக்காந்து ஷரீஃபாவுக்குச் சொல்லிக் குடுத்தீங்களே. அவ புரியலை புரியலைன்னு உங்களை எழுந்திருக்கவே விடலையாமே. வாராவாரம் சொல்லுவா."

கலீல் தங்கையைப் பார்த்தார். அவள் இன்னும் நிமிரவில்லை.

சமையற்கட்டு வாசலில் நசீருதீன் பாய் நின்றுகொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு மச்சானை வாசலோடு அனுப்பியது யார் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"ஆமா மச்சான்" என்றார். "மத்தியானம் பூரா இருந்தீங்க. நான்தான் டீ போட்டுக் குடுத்தேன்."

செல்வமேரி எதையோ புரிந்துகொண்டு மூக்கை உறிஞ்சினாள். நர்ஸ் அல்லவா, அவளுக்கு எல்லாம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

"ஆமா" என்றார் கலீல். "டீயில சர்க்கரை கொஞ்சம் தூக்கல்."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா" என்றார் பாய். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அடுப்பு மேடையில் பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

சவுரிமுத்து சார் தொடையைத் தட்டினார். "அப்ப ரூலு ரூலுதான். கனகவல்லி, இன்னா சொல்ற?"

"நான் என்னிக்கு சார் இல்லைன்னேன்?" என்று சொல்லிவிட்டுக் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

கலீலுக்கும் ஐந்து ஒட்டகம் கொடுத்து ஆடினோம். அவருக்கு ஆட்டம் சுத்தமாகத் தெரியவில்லை. ஷரீஃபா ஒவ்வொரு தடவையும், "அண்ணே, கிணத்தை விட்டுடாத" என்று அவர் விரலைப் பிடித்து நகர்த்தினாள். அப்படியும் கோட்டை விட்டார். வழக்கம்போல முதலில் ஐந்தும் பழமானது எனக்குத்தான். மற்றவை ஒவ்வொன்றாக ஊர் வந்து சேர்ந்தன. ஒரே ஒரு நீல ஒட்டகம் மட்டும் நடு மணலில் நின்றது. கலீலுடையது.

என் சிவப்பு ஒட்டகத்தை ஊரிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். ஷரீஃபா தன்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் உருட்டிக்கொண்டே போனோம். கடைசியில் இரண்டு ஒட்டகமும் நீலத்துக்கு ஐந்து கட்டம் இப்பால் வந்து நின்றன. நான் வேண்டுமென்று விட்டுக்கொடுத்தேன் என்று செல்வமேரி இன்றுவரை சொல்கிறாள். சத்தியமாக இல்லை. எனக்கு விழுந்தது இரண்டு, அவளுக்கு ஆறு.

ஷரீஃபா அண்ணனின் ஒட்டகத்தையும் தன்னுடையதையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, ஊருக்குள் கொண்டுபோய் வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"பழம்" என்றாள்.

"பழம்" என்றேன் நானும். அன்றைக்கும் தோற்றேன்.

திங்கட்கிழமை ஆபீசில் ராஜாராமன் ஆசையாக வந்து கேட்டார். "என்ன மேடம், ரூலைக் காட்டினீங்களா? ஒத்துக்கிட்டாங்களா?"

"மன்னிச்சுக்குங்க சார், உங்களுக்குத்தான் வீண் சிரமம்" என்றேன். "அந்த ஜெர்மன்காரன் தப்பா எழுதியிருக்கான்."