பலகையும் பூட்டிய அறையும்

முதுகு இரண்டாகப் பிளப்பதுபோல வலித்தது. ஒட்டடைக்குச்சி என்று எல்லாரும் கூப்பிடும் அந்த நெட்டையன், விடிந்ததிலிருந்து அக்காவின் செத்துப்போன புருஷனுடைய வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தான். சோப்பு காய்ச்சும் கொப்பரைக்குக் குறுக்கே ஒரு பலகை. அதில் நின்றுதான் கிளற வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. முந்தாநாள் மச்சான் அங்கிருந்துதான் வழுக்கி, கொதிக்கும் சோடாக் காரத்துக்குள் விழுந்தார். கண்ணால் பார்த்தவன் இவன் ஒருவன்தான்.

மேஸ்திரி வந்து கீழே நின்றார். பத்திரிகைகளில் கதை எழுதுகிற மனுஷன்.

"எறங்கி வாடா. நாளைக்கு விசாரிக்க ஆபீசர் வர்றாரு. என்ன சொல்லப்போற?"

"நடந்ததைத்தான்."

"வேணாங்கலையே. அதே ஆளு, அதே காரம், அதே சாவு. இடத்தை மட்டும் மாத்து. காரம் வச்சிருக்கமே, பூட்டுன ரூமு, அங்க போய் ட்ரம்மை மேல கவுத்துக்கிட்டான்னு சொல்லு."

"அங்க அவரு எதுக்கு மேஸ்திரி போவாரு?"

மேஸ்திரி சிரித்தார். "பாத்தியா, நீயே கேக்குற! ஆபீசரும் அதைத்தான் கேப்பாரு. பலகையில இருந்து விழுந்தா பாவம், உழைப்பாளி. பூட்டுன ரூமுல செத்தா திருடன். ஆளைப் பத்தி நாம ஒரு வார்த்தை தப்பாப் பேச வேணாம். மிச்சத்தை இடமே பேசிடும். கதையில இதான்டா சூட்சுமம்."

"எங்க மச்சான் திருடன் இல்ல."

"நான் எங்க சொன்னேன்?" மேஸ்திரி அண்ணாந்து பலகையைப் பார்த்தார். "இனிமே இது உனக்குத்தான். தெனமும் கழுவலைன்னா சோப்பு படிஞ்சு வழுக்க ஆரம்பிச்சிடும். எவன் கழுவுறான், எவன் விடுறான்னு நான் பாத்துக்கிட்டே இருக்க முடியுமா, சொல்லு?"

தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பலகையை யாரும் கழுவியிருக்கவில்லை. படிந்த சோப்பு வெளிச்சத்தில் ஈரம்போல மின்னியது. ஒட்டடைக்குச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்த இடத்துல நடந்துச்சு?" என்று ஆபீசர் கேட்டார்.

கொப்பரையைச் சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் கை மெல்ல எழுந்து, பூட்டிய அறையைக் காட்டியது.

"அங்க அவருக்கு என்ன வேலை?"

அவன் கையை இறக்கிக்கொண்டான். ஆபீசர் தானே புரிந்துகொண்டதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

சாயங்காலம் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள்.

"எல்லாத்தையும் சொன்னியாடா?"

"சொன்னேன்க்கா."

"கம்பி இல்லைன்னு?"

அவன் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அவள் பின்னாலேயே வந்து நின்றாள். புருஷன் செத்த இடம் எது என்று ஊர் நடுவில் சொல்ல வேண்டிய கடனை அக்காவுக்கு அவன் இன்னும் பாக்கி வைத்திருந்தான்.