ஊசி தொட்ட இடம்

மறுநாள் காலை ஒரு பேருந்து ஓட்டுநருக்கு அறுவை சிகிச்சை. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட்டோடு சிறுநீர்ப்பையையும் எடுத்துவிடுவதாக முடிவாகியிருந்தது. ஊசியில் எடுத்த மூன்று மெல்லிய திசு இழைகளைச் சோதித்த வேறொரு ஆய்வகம் ‘புராஸ்டேட் சார்கோமா’, அதாவது அங்கேயே முளைத்த ஒருவகைப் புற்று, என்று எழுதியிருந்தது. எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமென்றுதான் நோயியல் மருத்துவர் அந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

இரு முனையும் கூம்பிய, கதிர் போன்ற செல்கள். இப்படிச் செல்கள் கொண்ட கட்டிகள் நான்கைந்து உண்டு. எல்லாம் அண்ணன் தம்பி ஜாடை. அவரை உறுத்தியது வேறு. மூன்று இழைகளிலும் சல்லடை போட்டுத் தேடியும் புராஸ்டேட் திசுவில் இருக்கவேண்டிய சுரப்பி ஒன்றுகூட இல்லை.

“அண்ணே, திசு பதிச்ச மெழுகுக் கட்டையில ஏதாவது மிச்சம் இருக்கா?”

ஆய்வக டெக்னீஷியனுக்கு ‘பிளேடு’ என்று பட்டப்பெயர். திசு சீவுவதாலும்தான், ஓயாத பேச்சாலும்தான். கட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டு சீவல் தேறும்மா. அதுக்கு மேல வெறும் மெழுகுதான்.”

“ரெண்டையும் குடல் கட்டிக்கான சாயத்துல போடுங்க.”

“குடலா? சீட்டுல புராஸ்டேட்னு இருக்கே.”

“ஊசி மலக்குடல் வழியாத்தானே போச்சு. போற வழியிலேயே வேற எதையாவது குத்தியிருந்தா?”

பிளேடு கட்டையைப் பொருத்திச் சீவி, சுருக்கம் நீங்கச் சீவல்களை வெந்நீரில் மிதக்கவிட்டார். இரண்டாவது சீவல் மடங்கிக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் அதை விரித்தார்.

மாலை நாலரைக்கு ஸ்லைடுகள் வந்தன. முதலாவதில் செல்லுக்குச் செல் சாயம் பிடித்துப் பழுப்பு; குடல் கட்டிக்கே உரிய நிறம். அடுத்ததும் அப்படியே. மருத்துவரால் உட்கார முடியவில்லை.

“அண்ணே, வந்து பாருங்க.”

“காப்பிப்பொடி கொட்டின மாதிரி இருக்கும்மா.”

மருத்துவர் உடனே அறுவை நிபுணருக்கு போன் செய்தார். “சார், இது புராஸ்டேட்டே இல்ல. மலக்குடல் சுவர்ல வந்த கட்டி, முன்னால சாஞ்சு புராஸ்டேட்ட அழுத்திட்டு இருக்கு. இதுக்கு மாத்திரை இருக்கு சார். சுருங்கினப்புறம் கட்டிய மட்டும் எடுத்துக்கலாம்.”

மறுமுனையில் ஸ்கேன் படம் சரசரத்தது.

“ஆமா, குடல்லதான் ஒட்டியிருக்கு,” என்றார் நிபுணர். “நாளைக்கு ஆபரேஷன் இல்ல. நானே போய்ச் சொல்லிடறேன்.”

ஓட்டுநர் அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டார். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டபின், சுருங்கிய கட்டியை மட்டும் எடுத்தார்கள். வெட்டிய ஓரங்களில் புற்று மிச்சமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டவர் அதே மருத்துவர்தான். ஓட்டுநர் மறுபடி வண்டி எடுத்துவிட்டார்.