நாற்பத்தேழாம் நம்பர் தகடு

எனக்குக் கோபம் வரும். வந்தால் குரல் ஏறும். குரல் ஏறினால் ஆபீசில் மூன்று அறை தாண்டிக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவரியம்மாளுக்கு வந்த வினையில் பாதி என் தொண்டையால் வந்தது.

1958 மார்ச் மாதம். திண்டுக்கல்லில் குதிரைவண்டிகளுக்கு லைசென்ஸ் போடும் பிரிவில் நான் குமாஸ்தா. மொத்தம் அறுபது வண்டிக்குத்தான் நம்பர் உண்டு. அறுபத்தொன்றாவது ஆள் வண்டி ஓட்ட வேண்டுமானால் இருக்கிற அறுபதில் ஒருவன் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் செத்துப்போக வேண்டும். நம்பரைத் தகரத் தகட்டில் அடித்து வண்டியின் பின்பக்கம் முடுக்கியிருப்பார்கள். தகடில்லாத வண்டி ரயிலடியில் சவாரிக்கு நிற்கவே முடியாது, போலீஸ்காரர் விரட்டிவிடுவார். தகடு போய்விட்டால் புதுத் தகடு கேட்டு மனுப் போடலாம். மனுவோடு லைசென்ஸ் புத்தகம், குதிரை டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட், தகடு தொலைந்துவிட்டது என்று ஓர் உறுதிமொழி, அவ்வளவுதான். வருகிறவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். என் சர்வீசில் அப்படி எத்தனை பொய்யை வாங்கி நூலில் கோத்திருப்பேனோ!

சவரியம்மாள் வந்தது இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. லைசென்ஸ் வருஷம் முடிய மூன்றே நாள் பாக்கி. அவள் புருஷன் ஆரோக்கியதாஸ் நாற்பத்தேழாம் நம்பர் வண்டிக்காரர், டிசம்பரில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். வண்டியும் குதிரையும் வீட்டில் சும்மா நிற்கின்றன. தம்பி பவுல்ராஜை ஓட்டச் சொல்லி அதில் வயிற்றைக் கழுவலாம் என்று நம்பரைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டாள். கொண்டுவந்த தாளெல்லாம் ஒழுங்காக இருந்தது. பாராட்டக்கூட நினைத்தேன்.

"தகடு எங்கம்மா?" என்றேன்.

"அவரோட இருக்குங்கய்யா."

"எவரோட?"

"எங்க வீட்டுக்காரரோட."

"செத்துப்போனார்னு நீதானே சர்ட்டிபிகேட் கொடுத்திருக்க?"

"ஆமாய்யா. பெட்டிக்குள்ள அவரு நெஞ்சு மேல நாந்தான் வச்சு அனுப்பிச்சேன்."

பேனாவைக் கீழே வைத்தேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். ஸ்டாண்டில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். ஏய் நாப்பத்தேழு, வாப்பா நாப்பத்தேழு என்றுதான் கூப்பிடுவார்களாம். வெளியூருக்குப் போன பிள்ளைகள் லீவுக்கு வந்து இறங்கினால் கூட்டத்தில் அந்த நம்பரைத் தேடித்தான் ஏறுமாம். அதனால் பெட்டியை மூடும் முன்னால் இவளே போய்க் கத்தி முனையால் திருகாணியைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"அவரு பேரே அதுதானேய்யா. பேரில்லாம எப்படி அனுப்புறது?" என்றாள்.

"சரி சரி. தொலைஞ்சு போச்சுன்னு எழுதித்தாரேன், கையெழுத்துப் போடு."

"தொலையலையேய்யா."

"அட, எழுதுறதுக்குச் சொல்றேன்மா."

அவள் தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். உறுதிமொழியின் முதல் வரியே 'கடவுள் அறியச் சொல்வது' என்றுதான் தொடங்கும். அவள் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. "தவக்காலம்யா. அவரு அங்க படுத்திருக்காரு, நான் இங்க பொய்ச்சத்தியம் பண்ணவா? மாட்டேன்யா. உள்ளதை எழுதுங்க, போடுறேன்."

நானும் எத்தனை தரம் பொறுமையாகச் சொல்வது? வந்ததே கோபம்! "ஏம்மா, குழிக்குள்ள கெடக்குற தகட்டை எவன் வந்து தோண்டிப் பாக்கப் போறான்? தொலைஞ்சதுன்னு போட்டுட்டுப் போயேன்!" என்று ஒரு கத்துக் கத்தினேன்.

ஆபீசர் அறைக் கதவு திறந்தது.

எங்கள் ஆபீசர் குரலை உயர்த்தியே பேச மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்கு உதறும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "தொலைஞ்சதுன்னு இனி எழுத முடியாது பொன்னுத்துரை. தொலையலைன்னு நீங்களே ஊருக்குச் சொல்லிட்டீங்க" என்றார். பிறகு சவரியம்மாளைப் பார்த்து, "ரெண்டு வழி இருக்கும்மா. பழைய தகட்டைக் கொண்டாந்து ஒப்படைக்கணும். இல்லேன்னா அது உள்ள போனதைக் கண்ணால பார்த்தவர், உங்க சொந்தக்காரரா இல்லாத ஒருத்தர், சாட்சி வைக்கணும். அப்பத்தான் அழிஞ்சுபோன தகடுன்னு எழுதிப் புதுசு தர முடியும். திங்கட்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டயம். அதுக்கு மேல நம்பர் அடுத்த ஆளுக்குப் போயிரும்" என்றார்.

"மூடும்போது யார் இருந்தா?" என்று நான் கேட்டேன்.

"நானு, எந்தம்பி, அப்புறம்..." என்று அவள் திரும்பிச் சுவரோரத்துப் பெஞ்சைப் பார்த்தாள். "மூக்கையா அண்ணந்தான் ஆணி அடிச்சாரு."

பெஞ்சில் இருந்த மூக்கையாவை எனக்கு நன்றாகத் தெரியும். காத்திருப்போர் பட்டியலில் அவன்தான் முதல் ஆள். நாற்பத்தேழு காலியானால் அவனுக்குத்தான் போகும். நாலு வருஷமாக அடுத்தவன் வண்டியை முறை வைத்து ஓட்டுகிறான். நம்பர் கிடைத்துவிடும் என்று நம்பி வாங்கிப்போட்ட பழைய வண்டி ஒன்று அவன் வீட்டுப் பின்னால் மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது.

மூக்கையா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். "நான் பாக்கல. ஆணி அடிச்சதோட சரி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டான்.

பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

சனிக்கிழமை அவள் மூக்கையா வீட்டு வாசலில் பகல் முழுக்க நின்றிருக்கிறாள். அவன் வெளியே வரவில்லை. ஞாயிறு குருத்தோலைப் பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய்க் கல்லறையைத் திறக்க அனுமதி கேட்டிருக்கிறாள். ஏசு பாடுபட்ட பெரிய வாரத்தில் கேட்கிற கேள்வியா இது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். இதெல்லாம் என் மனைவிக்குத் தண்ணீர்க் குழாயடியில் வந்த செய்தி. சோறு போட்டுக்கொண்டே, "உங்க வாயை வச்சுக்கிட்டுச் செத்த நேரம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு நாகல் நகருக்குப் போய் மூக்கையாவைப் பிடித்தேன். நாலு ஏச்சு ஏசினேன். அவன் குதிரைக்குப் புல் உதறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயா, நாலு வருசம். ஒங்க பெஞ்சியில நீங்க நாலு நாள் ஒக்காந்திருப்பீகளா?" என்றான். "அவ வீட்ல அடுப்பெரியணும், சரி. என் வீட்ல எரிய வேணாமா? வந்துட்டாக நாயம் பேச!"

நான் பேசாமல் திரும்பிய நாள் என் ஆயுளில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை. கடைசி நாள் என்பதால் ஆபீசில் ஒரே கூட்டம். வருகிற ஆளையெல்லாம் அவளா அவளா என்று பார்த்தேன். பன்னிரண்டு அடித்தது. இரண்டும் அடித்தது. மூக்கையாவின் பெஞ்சும் காலியாகக் கிடந்தது. மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட வந்த ஒரு வண்டிக்காரன், "நாப்பத்தேழு சம்சாரம் மம்பட்டியத் தூக்கிட்டுக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போகுதுங்க" என்றான்.

பேனாவை மூடினேனா இல்லையா என்று நினைவில்லை. சைக்கிளை மிதித்தேன். மார்ச் மாத வெயில், தார் டயரில் ஒட்டியது. நான் போய்ச் சேர்ந்தபோது சவரியம்மாள் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தாள். பவுல்ராஜ் மண்மேட்டில் உட்கார்ந்து, "வேணாங்க்கா, வேணாங்க்கா" என்று அழுதுகொண்டிருந்தான். குழிவெட்டுகிறவர் சாமியாரைக் கூப்பிட ஓடியிருந்தார்.

"நிறுத்தும்மா!" என்று கத்தினேன்.

"நீங்க கேட்டதத்தானய்யா எடுக்குறேன்." நிமிரவில்லை அவள்.

"கேட்டது தப்பு. நான் கத்துனது தப்பு. வெளிய வா. நானே சாட்சி போடுறேன். தகட்டைப் பார்த்தேன்னு எழுதித்தாரேன், நான் உனக்குச் சொந்தமும் இல்லையே!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எழுதியே கொடுத்திருப்பேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தது.

அவள் மண்வெட்டியை ஊன்றி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் மண். "பாக்காததப் பாத்தேன்னு நீங்க எழுதுறதுக்கு, தொலைஞ்சதுன்னு நானே எழுதியிருப்பேனேய்யா. தள்ளுங்க. மணியாவுது" என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்டினாள். இன்னும் எத்தனை வெட்டில் பெட்டி தட்டும்? நாலு மாதம் ஆன பெட்டி. உள்ளே இருப்பதை ஒரு பெண்டாட்டி பார்க்கலாமா? கையைப் பிடித்து இழுக்கவும் துணிவு வரவில்லை.

வாசலில் குதிரைவண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. செய்தி ஸ்டாண்டுக்கும் போயிருக்கிறது. மூக்கையா கல்லறைகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடிவந்தான். வந்த வேகத்தில் குழிக்குள் குதித்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டான்.

"போதும் தாயி, விடு."

"விடுண்ணே. அஞ்சு மணிக்குள்ள போகணும்."

"விடுங்கிறேன்ல! நான் பாத்தேன். தகட்ட நான் பாத்தேன்."

அவள் காம்பை விட்டாள். அப்படியே குழிக்குள் உட்கார்ந்துவிட்டாள். பவுல்ராஜைக் குழியை மூடச் சொல்லிவிட்டு நாங்கள் மூன்று பேரும் மூக்கையா ஓட்டிவந்த வண்டியில் ஏறினோம். மணி நாலு இருபது.

ரயில்வே கேட் மூடியிருந்தது! கூட்ஸ் வண்டி. அதுவா நகர்கிறது? ஒவ்வொரு பெட்டியாக ஊர்ந்தது. கேட்காரனைத் திட்டினேன், டிரைவரைத் திட்டினேன், ரயிலைக் கண்டுபிடித்தவனையே திட்டினேன். சவரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். மூக்கையா லகானைப் பிடித்தபடி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட் திறந்தபோது மணி நாலே முக்கால். அதற்குப் பிறகு அவன் ஓட்டிய ஓட்டத்தில் நான் இரண்டு தரம் கீழே விழப் பார்த்தேன்.

ஆபீசர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். நின்றபடியே சாட்சித் தாளை எழுதி மைப்பேடைத் திறந்து வைத்தேன். மூக்கையாவுக்குக் கையெழுத்துத் தெரியாது.

"இதுல ரேகை வச்சா நாற்பத்தேழு உனக்கு இல்ல. தெரியுமா?" என்று ஆபீசர் கேட்டார்.

"தெரியும்ங்க."

"வெள்ளிக்கிழமை இதே எடத்துல பாக்கலைன்னு சொன்ன. இன்னைக்குப் பாத்தேங்கிற. எதை நான் நம்புறது?"

பாவி மனுஷன், இந்த நேரத்தில் இதைக் கேட்க வேண்டுமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கேள்வி என்னவோ சரியான கேள்விதான். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட இல்லை.

மூக்கையா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான். "அன்னைக்குச் சொன்னதுதாங்க பொய்" என்றான். "தகடு நெஞ்சு மேல இருந்துச்சு. மேல ஜெபமாலை. மூடுறதுக்கு முந்தியே பாத்தேன். பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. இது உள்ள போச்சுன்னா, தொலைஞ்சதுன்னு பொய்யெழுத இந்தப் புள்ளைக்கு வராது, வண்டி ஓடாது, நம்பர் நமக்குத்தான்னு. வண்டிக்காரனுக்குத் தெரியாதுங்களா அது? அதுக்குத் தெரியல, பாவம், அழுதுக்கிட்டு நின்னுச்சு. தங்கச்சி, அத எடுத்து வையின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. மூடியத் தூக்கி வச்சு மளமளன்னு அடிச்சேன். யாராச்சும் சொல்லீறப் போறாகன்னு வேகமா அடிச்சேன்."

மூக்கையா கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தான். ஆபீசர் அதன் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் எழுதினார். நான் முத்திரை குத்தினேன். நாற்பத்தேழு சவரியம்மாளுக்கு ஆனது.

அவள் தாளை வாங்கவில்லை. மூக்கையாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமையிலிருந்து என் கண் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அப்போது அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"நீங்க வேகமா அடிச்சதப் பாத்து நான் என்ன நெனச்சேன் தெரியுமாண்ணே? கூட்டாளி போறதப் பாக்க மாட்டாமத்தான் இந்த மனுசன் இம்புட்டு வேகமா அடிக்கிறாருன்னு நெனச்சேன். அந்த வீட்ல எனக்கு அன்னைக்கு அது ஒண்ணுதான் ஆறுதலா இருந்துச்சு."

மூக்கையா தலை நிமிரவில்லை. மை போன பிறகும் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.