பெயர் மாற்றும் கட்டளை

சிறில் ஒரு பொத்தானை அழுத்தினான். திரையின் நடுவே சின்னக் கட்டமொன்று குதித்து விரிந்து கட்டளைகளை வரிசையாகக் காட்டியது. கடிதம் அடிப்பதும் அச்செடுப்பதும் அவன் விரல்களுக்கே தெரியும். எப்போதாவது தேவைப்படுகிற கட்டளைகள்தான் மறந்துபோகும். அவற்றை இந்தக் கட்டத்தில்தான் தேடிக்கொள்வான். ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடும் கட்டளை இப்போது வேண்டியிருந்தது.

அப்பா இராயப்பன் முந்தின நாள் மாலை தேயிலை மலையிலிருந்து இறங்குகையில் மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். மரண அறிவித்தலைக் கையால் எழுதி ஒட்டிக்கொள்ளலாம் என்று பெரிய கிளாக்கர் சொல்லியும், லயத்து வீட்டின் அழுகையிலிருந்து தப்பினால் போதுமென்று சிறில் தோட்ட ஆபிஸுக்கு வந்துவிட்டான். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

புதிதாக எழுத வரவில்லை. போன வருடம் செத்த மாயாண்டிக்கு அடித்ததைத் திறந்தான். மாயாண்டிக்குப் பதில் இராயப்பன். மாற்றவா என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டது. ஆம், ஆம் என்று தட்டினான். கடைசி நாள் வரை உண்மையாய் உழைத்தவர், எல்லோருக்கும் நல்லவர். வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

தங்கை தெரேசா வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, குளிப்பாட்டணும். ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இந்தா, முடிஞ்சிருச்சு."

"இங்கிலீசுல என்னா போட்டிருக்கீங்க?"

தமிழில் சொன்னான். அவள் கடைசி வரை கேட்டாள்.

"அப்பாவப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"என்னா போடலாம், சொல்லு."

"கண்ணு தெரியாமலே இம்புட்டு நாளும் வேலைக்குப் போனாருல்ல."

சிறில் திரும்பிப் பார்த்தான். "யாருக்குக் கண்ணு தெரியாது?"

அவள் உள்ளே வந்து மேசையருகே நின்றாள்.

"ஒரே வீட்டுல இருக்கீங்க, கண்டிருப்பீங்கன்னு நெனச்சேன். ஆபிஸுக்குத் தெரிஞ்சா வேலையில இருந்து பேர வெட்டிருவாங்கன்னு அப்பா வாயத் தொறக்கல. நாந்தான் கையப் புடிச்சு மலைக்குக் கூட்டிட்டுப் போவேன். நேத்து எனக்குக் கொழுந்து நிறுக்க லேட்டாயிருச்சு. அவரா கெளம்பிட்டாரு."

கம்ப்யூட்டர் வந்த புதிதில், முதலாவதாக அச்செடுத்த தாளை அவன் அப்பாவிடம் நீட்டியிருந்தான். அவர் அதை மடியில் வைத்து விரலால் தடவி, "எழுத்து அழகா இருக்கு தம்பி" என்றார். தாள் தலைகீழாக இருந்தது. படிப்பில்லாத மனுசன் என்று சிறில் சிரித்தான். மறுநாள் ஆபிஸிலும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

முகம் எரிந்தது. மறுபடி பொத்தானை அழுத்தினான். கட்டத்தின் அடியில், மொத்தமாக அழிக்கும் கட்டளை இருந்தது. பெயரை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் அழித்தான். கீழே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அடக்கம் இன்று பின்னேரம் என்று மட்டும் அடித்து அச்செடுத்து, தாளை உருவிக்கொண்டு எழுந்தான்.

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. குறுக்குப் பாதையில் தெரேசா பழக்கத்தில் அவன் முழங்கையைப் பற்றிக்கொண்டாள்.

"படி வருது" என்றாள்.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்ன இடத்தில் காலை வைத்தான்.