நோட்டில் எழுதக்கூடாத விண்ணப்பம்

பத்திரிகையில் என் பெயரைப் பார்த்த சந்தோஷம் சரியாக அரைமணி நேரம் இருந்தது. 1979, ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தபால்காரர் சங்கரசுப்பு ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போயிருந்த உறையைப் பிரித்தேன். திருச்சபைப் பெண்களுக்கென்று மாதாமாதம் வரும் பத்திரிகை. பதினெட்டாம் பக்கத்தில் ‘பிடியரிசி’ என்று தலைப்பு, அதன்கீழ் ‘தேவமணி பிரபுதாஸ், சங்கரன்கோவில்’. நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

பாலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

எங்கள் சபையில் பெண்கள் சங்கம் வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணிக்கு ஒவ்வொருத்தர் வீடாகக் கூடும். பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு. புதுப் பத்திரிகை வந்த வாரம், அதில் வந்த கதையை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசிப்பார்கள். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, அவர்களுக்காக ஏற்பட்ட வழக்கம். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுப் பெண்தான் வாசிக்கவேண்டும். இந்த வெள்ளிக்கிழமை கூட்டம் சுந்தரபாய் வீட்டில். நான் எழுதியிருப்பதோ சுந்தரபாயின் கதை. அதை அவளே, அவளுடைய மாமியார் மார்த்தாளின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து வாசிக்கப் போகிறாள்.

கையில் கரித்துணியோடு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் தன் ஜெபக்குறிப்பைச் சொல்வாள். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், புருஷனுக்குக் குடி நிற்கவேண்டும், கரிசலில் மழை விழவேண்டும். எழுதுகிறவர்கள் ஆற்றையும் மலையையும் பார்த்து எழுதுவார்கள் என்கிறார்கள். எனக்கு வாய்த்ததெல்லாம் இந்த நோட்டுதான். முன்பக்கத்திலிருந்து விண்ணப்பங்களை எழுதுவேன். அதே நோட்டைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து கதை எழுதுவேன். பெயரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி மாதம் ஒரு கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு சுந்தரபாய் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. மேலநீலிதநல்லூரில் அவள் அம்மா தனியாக இருக்கிறாள். சுந்தரபாயின் கல்யாணப் பந்தியில் மார்த்தாளின் அண்ணனை யாரோ இலை முன்னாலிருந்து எழுப்பிவிட, அதற்குச் சுந்தரபாயின் அம்மாதான் காரணம் என்று மார்த்தாள் சபைக் கோயில் வாசலில் வைத்து வார்த்தை விட்டுவிட்டாள். “என் வீட்டு அரிசி ஒரு மணிகூட அந்த வீட்டுக்குப் போவக்கூடாது.” அதோடு போக்குவரத்து அற்றுப்போயிற்று. சுந்தரபாயின் புருஷன் ஞானையா திருவேங்கடத்தில் வாத்தியார். அம்மா பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுஷன். இதற்கிடையில் மூன்று வருஷமாக மழை இல்லை; சுந்தரபாயின் அம்மா ஒருவேளைக் கஞ்சிக்கே அல்லாடுகிறாள்.

எங்கள் வீடுகளில் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து, ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட்டுவைப்போம். பிடியரிசி என்று பெயர். மாதம் ஒருமுறை கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெரிய பெட்டியில் கொட்டுவோம். யாரும் அளந்து பார்ப்பதில்லை. சுந்தரபாய் அந்தப் பானையிலிருந்து எடுத்து, சந்தைக்கு வரும் ஒருத்தி கையில் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் மார்த்தாள் அவ்வப்போது பானையைத் தூக்கிக் கனம் பார்ப்பாள். அதனால் அடியில் ஒரு கல்லைப் போட்டு, மேலே அரிசியைப் பரப்பி வைத்திருந்தாள். கோயிலுக்குப் போகிற வழியில் கல்லை எடுத்து முந்தியில் முடிந்துகொள்வாள்.

“இத நோட்ல எழுதிராதிய அக்கா. நீங்க மட்டும் ஜெபிச்சுக்கிடுங்க. ஆண்டவர்கிட்டயே களவாங்குதனேன்னு ராத்திரில்லாம் பயமா இருக்கு” என்று சொல்லி அழுதாள்.

“எழுதமாட்டேன் மக்கா” என்றேன். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

முன்பக்கத்தில் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்துப் பின்பக்கத்தில் எழுதினேன். சுந்தரபாயை எலிசபெத்து ஆக்கினேன், ஊரைக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன், மாமியாருக்கு ஒரு வெள்ளாட்டைக்கூடக் கொடுத்தேன். அந்தக் கல்லை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. நாலு தடவை அடித்தேன். நாலு தடவையும் திரும்ப எழுதினேன். கல்லை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் ஒன்றுமே இல்லை. கடைசியில் கோயிலில் எல்லார் முன்னாலும் கல் உருண்டு விழ, மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று முடித்திருந்தேன். முடிக்கவேண்டுமே என்பதற்காக முடித்தது.

என் வீட்டுக்காரர் பிரபுதாஸ் தாலுகா ஆபீஸிலிருந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். பத்திரிகையை வாங்கி வாசித்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, “நேர போயி அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிரு. வாசிக்கதுக்கு முந்தி அவளுக்குத் தெரியணும்லா” என்றார். அவருக்கென்ன, ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நான் முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தேன். குருவானவரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். கூட்டத்தில் வாசிக்கும் பிரதி அவர்களிடம்தான் வரும். புதன்கிழமை சாயங்காலம் போய், “இந்த மாசம் வேற எதாவது வாசிப்பமே அம்மா. எனக்குக் கூச்சமா இருக்கு” என்றேன்.

“என்ன பேச்சு பேசுதே. நம்ம சங்கத்துப் பிள்ள பேரு புஸ்தகத்துல வந்திருக்கு. நான் காலைலயே வாசிச்சிட்டேன். அந்தக் கல்லு வார இடத்துல மேலெல்லாம் புல்லரிச்சிட்டு தேவமணி. அதெல்லாம் எங்கன இருந்து வருது உனக்கு?” என்று கேட்டார்கள். காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வியாழக்கிழமை சுந்தரபாய் வீட்டுக்கே போனேன். மறுநாள் கூட்டத்துக்காக வீட்டை மெழுகித் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் மார்த்தாள் கால் நீட்டி உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயதிலும் காது மட்டும் பூனைக் காது.

“வா டீச்சர். கத எழுதிருக்கியாமே. ஐயரம்மா சொன்னா. எங்க வீட்டுல வச்சா வாசிக்கப்போறாவ?”

“ஆமா அத்தை.”

“மாமியா மருமவ கதையாம்லா.”

சுந்தரபாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றும் தெரியாத சிரிப்பு. “நாளைக்கு நாந்தாம்க்கா வாசிக்கணும். தப்பா வாசிச்சிட்டா ஏசாதிய” என்றாள். அவளைத் தனியாகக் கூப்பிடக் காரணம் தேடினேன். கோலப்பொடி இருக்கிறதா என்று கேட்டேன். எங்களைப்போன்ற வேதக்காரக் கிறிஸ்தவர் வீட்டில் கோலப்பொடிக்கு எங்கே போவது. மார்த்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டேன். மார்த்தாளே எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒருமணி நேரம் நானும் புளியங்கொட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அன்றைக்கு உட்கார்ந்தேன். ‘அன்புள்ள சுந்தரபாய்’ என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கதையைப் பன்னிரண்டு பக்கம் எழுதிய கைதான் அது. என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு இரண்டரைக்கே போனேன். எனக்கு முன்னால் ஆறு பேர் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுந்தரபாய் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்; ஒரு நிமிஷம்கூடத் தனியாக நிற்கவில்லை. பாட்டு பாடினோம். ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயரம்மா பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, பதினெட்டாம் பக்கத்தைப் பிரித்து, சுந்தரபாய் கையில் கொடுத்தார்கள்.

அவளுக்கு நல்ல குரல். தலைப்பை வாசித்தாள், என் பெயரை வாசித்தாள், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளாட்டுக்கு ஒருதரம் சிரித்தார்கள். எலிசபெத்தின் அம்மா பட்டினி கிடக்கிற இடத்தில் சுந்தரபாயின் குரல் கொஞ்சம் தணிந்தது. யாருக்கும் வரக்கூடிய தணிவுதான். அடுத்த பத்தியில் பிடியரிசிப் பானை வந்தது. அதற்கடுத்த வரியில் கல்.

அவள் கண் அந்த வரியில் போய் நின்றதை நான் பார்த்தேன். காதோரம் சிவந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீங்களா என்று கேட்கிற பார்வை அது.

“என்னட்டி, எழுத்து தெரியலியா?” என்றாள் மார்த்தாள்.

“தெரியுது அத்தை.” சுந்தரபாய் மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். வாசிக்கவும் ஆரம்பித்தாள்.

“எலிசபெத்து பானையண்டையில் போய் நின்றாள். அதைத் தொடவில்லை. நேரே தன் மாமியாரிடத்தில் போனாள். அத்தை, என் தாய் பட்டினியாயிருக்கிறாள், மாதம் ஒரு படி அரிசி அவளுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள்.”

நான் எழுதாத வரிகள். என் நடையில், அச்சில் இருப்பதுபோலவே, ஒரு இடத்திலும் தட்டாமல் சொன்னாள். கண்ணை மட்டும் பக்கத்தைவிட்டு எடுக்கவில்லை. எனக்கு உடனே ஐயரம்மா ஞாபகம் வந்தது. அவர்கள் வாசித்தவர்கள் ஆயிற்றே. திரும்பிப் பார்த்தேன். ஐயரம்மா நெற்றியைச் சுருக்கி வாயைத் திறந்தார்கள். சுந்தரபாயைப் பார்த்தார்கள், மார்த்தாளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டு, ஜெபத்தில் குனிவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சுந்தரபாய் நிறுத்திவிட்டாள். மாமியார் என்ன சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளால் எப்படிச் சொல்லமுடியும்?

“பெறவு?” என்றாள் மார்த்தாள். “அந்த மாமியா என்ன சொன்னா?”

“இதோட முடிச்சிருக்காவ அத்தை.”

“அதெப்படி முடியும்? கேட்டவளுக்குப் பதில் சொல்லாண்டாமா?” மார்த்தாள் என் பக்கம் திரும்பினாள். “நீதான எழுதுனே. நீ சொல்லு டீச்சர். என்ன சொன்னா?”

பத்துப் பன்னிரண்டு பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை இனிப்பாகச் சொன்னால், உனக்குப் பாடம் சொல்ல வந்தாயா என்று கிழவி பிடித்துக்கொள்வாள். கடுப்பாகச் சொன்னால் சுந்தரபாய்க்கு இருக்கிற வழியும் அடைபட்டுப் போகும். ஏழு கதை எழுதியவள். ஒரு மாமியாருக்கு ஒரு வரி பேச்சு எழுதத் தெரியவில்லை.

“எனக்குத் தெரியல அத்தை. அதான் அங்கனயே நிப்பாட்டிட்டேன்” என்றேன்.

மார்த்தாள் சப்பென்று போனவளாகக் கூரையைப் பார்த்தாள். “இல்லன்னுதான் சொல்லிருப்பா” என்றாள்.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“பெறவு என்ன? வாயத் தொறந்து கேட்டா இல்லன்னுதான் சொல்லணும். நாலு பேருக்கு முன்னால வார்த்த விட்டவ எப்படிக் குடுப்பா? அந்தப் பிள்ளைக்கு வெவரம் காணாது. பெத்தவ பட்டினி கெடக்கும்போது கேட்டுக்கிட்டா நிப்பாவ? கையில கெடச்சத எடுத்துக் குடுத்துட்டுப் போவணும். மாமியாளுக்குத் தெரியலன்னா அவளுக்கும் நல்லது.” இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டே, “கத எழுதுதாளாம் கத” என்று முடித்தாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மார்த்தாளுக்குத் தெரிந்துதான் சொன்னாளோ, தெரியாமல் சொன்னாளோ, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. சுந்தரபாய் பத்திரிகையை மடித்து ஐயரம்மாவிடம் கொடுத்தாள். தப்பித்தோம் என்று நான் ஆண்டவருக்கு மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். மூன்று நாளாகச் சாப்பிடாத பசி அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில், சொன்னால் வெட்கம், கிழவி பேசிய ஒவ்வொரு வார்த்தையும் மறந்துபோகுமுன் வீட்டுக்குப் போய் எழுதிவிடவேண்டும் என்றும் நினைத்தேன்.

பிறகு ஜெபக்குறிப்புகள். நோட்டைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கேட்டு எழுதிவந்தேன். ஒருத்திக்கு மூட்டுவலி. ஒருத்தியின் மகன் பட்டாளத்திலிருந்து கடிதம் போடவில்லை. மார்த்தாளுக்கு மழை வேண்டும். அடுத்தது சுந்தரபாய்.

“உனக்கு என்ன மக்கா?” என்று கேட்டேன்.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மரியாதையாகத்தான் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர்.”

அதுவரைக்கும் அவள் என்னை ஒருநாளும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.