மூன்று தரம் பின்வாங்கிய ஊர்

மேலே கூப்பிடுகிறார்கள் என்று கூட வேலை செய்கிற தவராஜா வந்து சொன்னதும் தில்லைநாதனுக்கு முதலில் பொலிஸ் ஞாபகம்தான் வந்தது. சுவிஸில், பேர்ண் நகரத்தில், அந்த முதியோர் இல்லத்தின் குசினிக்குச் சட்டி கழுவ வந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அதுவரை ஒருவரும் அவரை மேல்மாடிக்குக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாத இடத்துக்குக் கூப்பிட்டால் அதில் ஏதோ இருக்கிறது. அவர் ஏப்ரனைக் கழற்றாமலே லிஃப்டில் ஏறினார். கழற்றிவைத்துவிட்டுப் போகிறவன் திரும்பி வருவதில்லை என்பது அவருடைய எண்ணம்.

பொலிஸ் இல்லை. தாதி மார்க்ரித் லிஃப்ட் வாசலில் நின்றாள். கையாலும் முகத்தாலும், மெல்ல மெல்லச் சொன்ன ஜேர்மன் சொற்களாலும் அவள் விஷயத்தை விளக்கினாள். ஏபி என்றொரு கிழவி, பிறப்பால் இங்கிலிஷ்காரி. பேர்ண்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்து ஐம்பது வருஷம் இந்த ஊர்ப் பாஷையே பேசினவள். போன மாரியில் தலையில் ஏதோ நரம்பு அடைத்து விழுந்து எழும்பியபோது அந்தப் பாஷை முழுவதும் உதிர்ந்துபோய்விட்டது. தாயிடம் கற்ற இங்கிலிஷ் மட்டும் மிச்சம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கதைக்க ஆள் இல்லை. இப்போது சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். இப்படியே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கால் குழாய் விடவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைக் கையால் காட்டி விளக்கிய நாளிலிருந்து கிழவி கட்டில் சட்டத்தைப் பிடித்த கையை எடுக்கவில்லையாம். குசினித் தமிழருக்கு இங்கிலிஷ் தெரியும் என்று யாரோ சொன்னார்களாம்.

யாரோ இல்லை, தவராஜா. அவனுக்கு வாய் நிற்காது. தில்லைநாதன் அதை மனதில் குறித்துக்கொண்டார். அவருடைய இங்கிலிஷ் கப்பல் இங்கிலிஷ். சாமான் கப்பல்களில் இருபது வருஷம் வெங்காயம் உரித்துப் பழகியது. அதில் பாதி பெண்களுக்கு முன்னால் சொல்லக் கூடாதது.

கிழவி யன்னலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். சுருங்கிய முகம், ஆனால் கண் கூர். அவர் ரவைக்கஞ்சிக் கோப்பையோடு கதிரையில் இருந்ததும் அவள் இங்கிலிஷில் கேட்டாள். அவள் பேசுவது அவருடைய காதுக்குள் போகும்போதே தமிழாகிவிடும், அதனால் அவர் கேட்டபடியே சொல்கிறேன்.

"உம்மட ஊர் எது?"

தில்லைநாதன் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டார். அகதி விசாரணையில் அரை நாள் இருத்திவைத்து இதைத்தான் கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்ன, பஸ் எந்தப் பக்கத்தால் வரும், கிணறு எங்கே. சொந்த ஊருக்கே சோதனை வைத்தார்கள். அன்றிலிருந்து ஊர் கேட்கிறவர் எவரானாலும் அவருக்கு அது விசாரணைதான்.

"கடல் பக்கம்" என்று மட்டும் சொன்னார்.

"நானும் கடல் பக்கம்தான்" என்றாள் கிழவி. கட்டில் சட்டத்தை விட்டாள்.

பிறகு தன் ஊரைச் சொல்லத் தொடங்கினாள். ஸ்கெல்ஹம். இங்கிலாந்தின் கிழக்குக் கரை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அங்கே ஒன்றும் இல்லை, சேறும் நாணலும்தான். வடக்கிலிருந்து நீள வள்ளங்களில் ஆட்கள் வந்தார்கள்.

"என்னத்துக்கு வந்தவை?"

"கொள்ளையடிக்க."

"அப்ப கள்ளரோ உங்கட ஆக்கள்?"

"ஓம். ஒரு வள்ளம் உடைஞ்சுபோச்சு. திரும்பிப்போக வழி இல்லை. அதாலதான் நல்ல மனிசராப் போனவை."

தில்லைநாதன் இதை நம்பவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி நடந்ததை யார் பார்த்தது என்று கேட்டார். மண்ணுக்குள்ளிருந்து வள்ளத்து ஆணி எடுத்தார்கள் என்றாள் அவள். ஆணியில் பெயர் எழுதியிருந்ததா என்றார் அவர். கிழவிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வாயைத் திறந்தாள், அவர் கரண்டியை வைத்தார். விழுங்கிவிட்டுத்தானே பதில் சொல்லவேண்டும், விழுங்கினாள். மார்க்ரித் கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து மத்தியானத்தில் சட்டிகளைத் தவராஜாவின் தலையில் கட்டிவிட்டு அவர் மேலே போவது வழக்கமாகிவிட்டது. ஊர்க் கோயிலில் கந்தபுராணம் படிப்பதைச் சின்ன வயதில் அவர் கேட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அவலுக்காகப் போனவர். அங்கே ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றவர் அதற்குப் பயன், அதாவது விளக்கம், சொல்லுவார். பயன் சொல்லும் நேரத்தில் படிக்கிறவர் மூச்சு விடுவார், தண்ணீர் குடிப்பார். ஒருநாள் கிழவி சொன்ன துண்டைத் தில்லைநாதன் தன்னை அறியாமலே அந்த இழுப்பில் தமிழில் திருப்பிச் சொன்னார். "அதாகப்பட்டது, அந்தக் கரையிலே கல்லாலே வேதக்கோயில் ஒன்று கட்டலுற்றார்கள்" என்று. கிறிஸ்தவரின் தேவாலயம் அவருக்கு வேதக்கோயில். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சொல்லும், இன்னும் சொல்லும் என்றாள். அவள் சொல்லுவாள், அவர் பயன் சொல்லுவார். அவள் மூச்சு விடுகிற அந்த இடைவெளியில் கரண்டி போகும். அப்படியே கோப்பை முடியும்.

கதையும் போனது. வள்ளக்காரரின் பிள்ளைகள் மீன்பிடிகாரர் ஆனார்கள். துறைமுகம் வந்தது, சந்தை வந்தது, பெரிய வேதக்கோயில் வந்தது. பிறகு ஒரு தைமாதத்தில் அடித்த புயலில் துறைமுக வாய் மணலால் மூடிப்போனது. கரை மண் சரிந்துகொண்டே வந்தது. வேதக்கோயிலின் கிழக்குச் சுவர் விழுந்த பிறகும் சனம் மிச்சப் பாதிக்குள் நின்று கும்பிட்டது. அதுவும் போன பிறகு எல்லோரும் கதவு நிலைகளையும் ஓடுகளையும் சுமந்துகொண்டு உள்ளே தள்ளிப்போய் மறுபடி வீடு கட்டினார்கள். அங்கே ஹெரிங் மீன் காலம். எங்கட சூடை மாதிரியோ என்று தில்லைநாதன் கேட்டார். சூடையை அவள் எங்கே கண்டாள்? கொஞ்சம் பெரிது என்று கையால் காட்டினாள். பெண்கள் உப்புப்போட்டுப் போட்டு விரல் வெடித்த கதை. பிரான்சிலிருந்து களவாகப் பிராந்தி இறக்கி இரண்டாவது வேதக்கோயிலின் பீடத்துக்குக் கீழ் ஒளித்த கதை. சுவாமியாருக்கும் பங்கு.

"அதை நம்பிறன்" என்றார் தில்லைநாதன். அவர் நம்பிய முதல் விஷயம் அதுதான்.

இரண்டாவது ஊரையும் கடல் எடுத்தது. வற்று நேரத்தில் தண்ணீருக்குள் கோயில் மணி கேட்கும் என்பார்களாம்.

"தண்ணிக்குள்ள மணி அடியாது. பொய்."

"எனக்கும் தெரியும். கோடைக்கு வாற வெளியாக்களுக்குச் சொல்லுறது அது. அவை கேட்டிட்டு ஒரு தேத்தண்ணி கூடக் குடிப்பினம்."

இப்படிச் சண்டையும் சாப்பாடுமாகப் போய்க்கொண்டிருந்தது. குசினியில் தவராஜா, தில்லை அண்ணை மேல்மாடியில் வெள்ளைக்காரியோடு காணி வழக்குப் பேசுகிறார் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தான்.

மூன்றாவது ஊருக்கு வந்தபோதுதான் தில்லைநாதனுக்குப் பயம் பிடித்தது. செங்கல் வீடுகள், ரயில் பாதை, கோடைக்கு வருகிற சனம். கிழவியின் தகப்பன் அந்தக் கரையில் ஆபத்தில் அகப்பட்டவர்களைப் போய் ஏற்றிவருகிற வள்ளத்தில் துடுப்புப் போட்டவர். அதைச் சொல்லிவிட்டு அவள், "இனிக் கொஞ்சம்தான் கிடக்கு" என்றாள். அன்று பாதிக் கோப்பைதான் சாப்பிட்டாள். அடுத்த நாள் அதுவும் இல்லை. கதை முடிகிற அளவுக்குச் சாப்பாடும் முடிகிறது என்று அவருக்குப் பட்டது. முழுவதையும் சொல்லித் தீர்த்துவிட்டால் இந்த மனுஷிக்கு வாய் திறக்க வேறு என்ன காரணம் இருக்கிறது?

அவருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான், நம்பாமல் இருப்பது. அதையே கையில் எடுத்தார். பழைய நூற்றாண்டுக்கு இழுத்துக்கொண்டு போய் அந்த ஆணியைப் பற்றிக் கேட்டார். உப்பு எங்கே காய்ச்சியது, மழை நாட்டில் எப்படிக் காய்ந்தது என்று கேட்டார். அவள் களைத்துப்போய்ச் சிரித்ததோடு சரி. அவர் இன்னும் கொஞ்சம் பலமாகக் குத்திப் பார்த்தார்.

"ரெண்டு தரம் இடம் மாறினது எண்டால் அது ஒரு ஊரே இல்லை. உங்கட ஊர் நீங்கள் பிறக்க முன்னமே முடிஞ்சுபோச்சு. நீங்கள் பிறந்தது வேற எங்கயோ."

கோபம் வரும், வாய் திறக்கும் என்று பார்த்தார். கோபம் வரவில்லை. கிழவி அவரைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் கோப்பை போனபடியே திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை டொக்டர் வருவார் என்றாள் மார்க்ரித். மூக்குக் குழாயைப் பற்றி அவள் சொல்ல வேண்டியதில்லை. அவர் குசினியில் ஒரு பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ வெளுத்துவிட்டது.

"அண்ணை, போய் ஒரு சொரி சொல்லுங்கோவன். அதுக்கும் இங்கிலிஷ் இல்லையோ?" என்றான் தவராஜா.

"இருபது வருஷக் கப்பல்ல எனக்கு ஒருத்தன் சொல்லேல்லை. நானும் ஒருத்தனுக்குச் சொல்லேல்லை."

"அப்ப ஏன் சட்டியோட மல்லுக்கட்டுறியள்?"

அவர் சட்டியை வைத்துவிட்டு மேலே போனார்.

கிழவி சுவரைப் பார்த்துக் கிடந்தாள். முதுகு சின்னப் பிள்ளையின் முதுகு போல இருந்தது. தில்லைநாதன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், அவள் செய்கிற வேலையைத் தான் செய்யத் தொடங்கினார். தன் உடைந்த இங்கிலிஷில், புராண இழுப்பில், ஸ்கெல்ஹம் ஊரின் கதையை முதலிலிருந்து சொன்னார். ஒரு ஊரில் ஒரு வேதக்கோயில் இருந்தது. வடக்கிலிருந்து கள்ளர் வந்து அதைக் கொள்ளையடித்தார்கள்.

சுவரிடமிருந்து குரல் வந்தது. "கள்ளர்தான் முதல். கோயில் பேந்து."

"சரி. பேந்து பிராந்தியைக் கோபுரத்துக்குள்ள ஒளிச்சவை."

"பீடத்துக்குக் கீழ."

"ஆயிரம் வருஷத்துக் கதை, கொஞ்சம் முன்னப் பின்ன வரும்" என்றார் அவர். எதை வேண்டுமென்று பிழையாகச் சொன்னார், எதை உண்மையிலேயே மறந்தார் என்பது அவருக்கே தெரியாது. அவள் திருத்தினாள், அவர் சொன்னார். முதல் ஊர் விழுந்தது, இரண்டாவது விழுந்தது. மூன்றாவதுக்கு வந்ததும் அவர் நின்றார். பிறகு, ஊர் கேட்டவர் எவருக்கும் தானாக வாய் திறக்காதவர், ஊர்ச் சண்டை ஒன்றைச் சொன்னார்.

"போன மாதம் இங்க எம்மன்புரூக்கேயில எங்கட ஆக்கள் ஒரு ஹோல் எடுத்துப் பூசை வைச்சவை. பூசை முடிஞ்சாப் பிறகு, முதல் மரியாதையா ஒரு தட்டுக் குடுக்கிறது, காளாஞ்சி எண்டு. கனகரத்தினமும் குலேந்திரனும் ஒரே ஃபக்டரியில ஒரே மெஷினில நிண்டு வேலை செய்யிறவை. தட்டு எனக்குத்தான் எண்டு ரெண்டு பேரும் ஆளுக்காள் சேட்டுக் கொலரைப் பிடிச்சிட்டினம். ஊரில அவையின்ர தேப்பன்மாரும் இதுக்குத்தான் பிடிச்சவை. அதுக்கு முந்தி அவையின்ர தேப்பன்மார்."

முதுகு அசையவில்லை. ஆனால் கேட்கிறது என்பது தெரிந்தது.

"நான் அதைப் பார்த்துக்கொண்டு நிண்டன். கடல் தாண்டி, மலை தாண்டி, இந்தப் பனிக்குள்ளயும் அதே சண்டை. அப்ப ஊர் எம்மன்புரூக்கே வரைக்கும் வந்திட்டுது. உங்கட ஆக்கள் பின்னுக்கு வரேக்க தங்கட சண்டையளையும் தூக்கிக்கொண்டுதானே வந்திருப்பினம்?"

கட்டில் சட்டத்தைப் பிடித்த கை தளர்ந்தது. பிறகு, "பிராட்லி வீட்டுக்கும் எங்களுக்கும் வலை காயப்போடுற இடத்தில சண்டை" என்றாள் கிழவி. "நூற்றைம்பது வருஷம். அந்த இடத்தைக் கடல் எடுத்தாப் பிறகும் விடேல்லை."

"அப்ப அது அதே ஊர்தான்" என்றார் தில்லைநாதன். "நான் சொன்னது பிழை."

அவள் மெல்லத் திரும்பினாள். அவர் தலகணியைச் சரிசெய்து முதுகுக்குக் கை கொடுத்தார். கையில் எலும்புதான் பட்டது. "தட்டுக் கடைசியில ஆருக்குப் போனது?" என்று கேட்டாள்.

"ஐயர் பயந்துபோய்த் தானே எடுத்துக்கொண்டு போயிட்டார்."

கிழவி சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அந்தத் திறந்த வாய்க்குள் அவர் கரண்டியை வைத்தார். கஞ்சி ஆறிப்போயிருந்தது. அவள் அப்படியே விழுங்கினாள்.

சாப்பிட்டுக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். புருஷன் அந்தக் கரைக்குக் கோடைக்கு வந்த ஒரு ஹோட்டல் சமையல்காரன். அவனோடு வந்துவிட்டாள். அவள் வந்து சில வருஷத்தில் தகப்பன் வீடும் கரையோடு சரிந்தது. இப்போது அந்த இடத்துக்கு மேல் மீன் நீந்தும். ஊர் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும்.

"பேந்து?" என்று கேட்டார்.

"பேந்து ஒண்டுமில்லை. அவ்வளவுதான்."

கோப்பையில் இன்னும் இரண்டு கரண்டி இருந்தது. அவர் கரண்டியை நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"உம்மட ஊருக்கு முதல் வந்தவையும் கள்ளரோ?"

தில்லைநாதன் கதவைத் திரும்பிப் பார்த்தார். பழக்கம். அங்கே ஒருவரும் இல்லை.

"கள்ளர்தான்" என்றார். "ஆனா எங்கட ஆக்களின்ர வள்ளம் உடையேல்லை. விருப்பத்தோடதான் நிண்டவை."

"பொய். ஆர் பார்த்தது?" என்றாள் கிழவி. பிறகு வாயைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை டொக்டர் வந்தார், பார்த்தார், மூக்குக் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று மத்தியானம் குசினியில் மீன். கோப்பையைக் கண்டதும் கிழவி முகத்தைச் சுளித்தாள். ஏரி மீனாம். அது ஒரு மீனே இல்லை என்றாள். தில்லைநாதன் முள்ளை எடுத்துக்கொண்டே, ஓம், அது உண்மை என்று ஒத்துக்கொண்டார்.