நம்பாதவர் கட்டிய பொட்டலம்

கோலப்பனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இதை அவர் ஒளித்து வைத்ததும் இல்லை, மேடை போட்டுச் சொன்னதும் இல்லை. சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் அவருக்கு ஒரு பாத்திரக்கடை. அந்த வரிசையில் சாமி படம் மாட்டாத கடை அது ஒன்றுதான். யாராவது காரணம் கேட்டால், எனக்கு ரெண்டு கை இருக்கு, அது போதும் என்பார். மீசை முளைக்கும் வயதில் நாகர்கோவிலிலிருந்து இந்த மலையாள நாட்டுக்கு, மாமாவின் கடையில் வேலைக்கு நிற்க வந்தவர். மாமாவின் குணம் ஒத்துவராமல் வெளியேறித் தனியாகக் கடை போட்டவர். பெண்ணைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டார், வீட்டைத் தானே நின்று கட்டினார். என் வண்டியை நான்தான் ஓட்டுகேன் என்று அடிக்கடி சொல்வார். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியத்தின் மேல் அவருக்கே ஒரு காதல் வந்துவிட்டிருந்தது.

அப்படி அவரே தேடிக் கட்டிக்கொண்டு வந்த உலகம்மைக்கோ, வண்டியை ஓட்டுகிறவள் அவர்கள் குடியிருக்கும் கரமனைத் தெருமுனையில் இருக்கும் முத்தாரம்மன். சின்ன விஷயங்களுக்கெல்லாம் அவள் அம்மனைத் தொந்தரவு செய்வதில்லை. பெரிய காரியம் என்றால் மட்டும் பூக்கட்டிக் கேட்பாள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்புத் தெச்சி. இரண்டையும் வெளியே தெரியாதபடி மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காமல் விட்ட பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

இதில் ஒரு விதி உண்டு. கேட்கிறவர் பொட்டலம் கட்டக்கூடாது. கட்டின கைக்கு எது எதென்று தெரிந்துவிடும் அல்லவா? கல்யாணமான புதிதில் யாரைக் கட்டச் சொல்வது என்று உலகம்மை யோசித்தாள். பக்கத்து வீட்டுக்காரிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. கடைசியில் புருஷனிடமே வந்து நின்றாள். சாமியை நம்புகிறவர்கள் கட்டினால் அவர்கள் ஆசையும் பொட்டலத்துக்குள் போய்விடும், உங்களுக்குத்தான் இதில் ஒன்றும் கிடையாது, அதனால் நீங்கள் கட்டினால் கள்ளம் இருக்காது என்றாள். கோலப்பன் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் உட்கார்ந்து கட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அம்மனுக்குப் பொட்டலம் கட்டுகிறவர் அம்மனை நம்பாத கோலப்பன்தான். சும்மா சொல்லக்கூடாது, நேர்மையாகவே கட்டினார். மகள் ரேஷ்மிக்கு அவர் பார்த்துவைத்த மாப்பிள்ளை அவருக்கு ரொம்பப் பிடித்தவன். அதற்கும் அவர்தான் கட்டினார், சிவப்பு வந்தது, அந்தச் சம்பந்தம் போயிற்று. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. நம்பிக்கை இல்லாத ஆட்டமென்றாலும் ஒழுங்காக ஆட வேண்டும் என்கிற ரகம் அவர். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இப்போது உலகம்மையின் தம்பி லிங்கத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வலியசாலையில் இருக்கிறான், டிரைவிங் ஸ்கூல் நடத்தி, பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவன். டயாலிசிஸ் முடிந்து வருகிற நாட்களில் எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தான். அவன் மனைவிக்குச் சர்க்கரை, அவளால் சிறுநீரகம் கொடுக்க முடியாது. உலகம்மை யாரிடமும் சொல்லாமல் போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். எல்லாம் பொருந்தியிருந்தது.

கோலப்பன் அதைக் கேட்ட அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். மறுநாள் வாதாடத் தொடங்கினார். வயதைச் சொன்னார், அவளுடைய ரத்த அழுத்தத்தைச் சொன்னார், இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பதிந்துவைத்துக் காத்திருக்கலாமே என்று சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றைத் தவிர. எனக்குப் பயமாக இருக்கிறது, நீ இல்லாமல் போய்விட்டால் எனக்கு அடுத்த நாள் எப்படி விடியும் என்று தெரியவில்லை என்று சொல்லவில்லை. அந்த மாதிரிப் பேச்சு அவருக்கு வராது. வண்டியைத் தானே ஓட்டுகிறவர் பயப்படலாமா?

உலகம்மை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். டாக்டர்கள் சரியென்று சொல்லிவிட்டார்கள், இனி அம்மனிடம் கேட்க வேண்டியதுதான் பாக்கி என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் பொட்டலம் கட்டித் தரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கோலப்பன் புறவாசல் படியில் உட்கார்ந்தார். இலைத் துண்டுகள், நார், பூ எல்லாம் முறத்தில் இருந்தன. உலகம்மை உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். முதல் இலையில் தெச்சியை வைத்துக் கட்டினார். இரண்டாவது இலையில் நந்தியாவட்டையை வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்துச் செடிமூட்டில் போட்டுவிட்டு, இன்னொரு கொத்துத் தெச்சியை வைத்து மடித்து முடிச்சுப் போட்டார். கணக்குத் தப்பாத பாத்திரக்காரர் செய்கிற மாதிரி சுத்தமாகச் செய்தார்.

கோயிலில் உலகம்மை ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு ஒன்றை எடுத்துப் போற்றியிடம் கொடுத்தாள். பூசை செய்கிற போற்றி அதைப் பிரித்துக் காட்டினார். சிவப்பு. அவள் கும்பிட்டுவிட்டு நடந்தாள். மற்ற பொட்டலத்தைக் கோலப்பன் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரில் விட்டார். அது நனைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிற்று. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சாம்பார் விடச் சொல்லிக் கேட்டு வாங்கினார்.

சாயங்காலம் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உலகம்மை எதிரே உட்கார்ந்தாள்.

"கேட்டேளா, நான் லிங்கத்துக்குக் குடுக்கத்தான் போறேன்."

கோலப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மன் வேண்டாம்னுல்லா சொல்லியிருக்கா?"

"சொன்னா. அவளுக்கு என்மேல பிரியம், அதான் சொல்லுகா. பிரியம் இருக்கவ அப்படித்தான் சொல்லுவா." டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "ஆனா தம்பி எனக்குல்லா தம்பி."

அம்மனே சொன்ன பிறகும் கேட்க மாட்டாயா என்று கோலப்பன் அதட்டலாம்தான்; ஆனால் அம்மனுக்காக வாதாட அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிறர் சொல்வதற்கெல்லாம் ஆடாமல் உன் வாழ்க்கையை நீயே நடத்து என்று இத்தனை வருஷம் அவளுக்கு உபதேசம் செய்தவர் அவர்தானே. அவள் இப்போது நடத்தத் தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவர் செய்த காரியத்தின் கனம் அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. உலகம்மை கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். காய்கறி வாங்கப் போகும்போது கூடத் தெருவின் அந்தப் பக்கமாக, கோயில் நடையைப் பார்க்காமல் போனாள். சொல் கேட்காத பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கக் கூசுகிற மாதிரி இருந்தது அது. வீட்டில் விளக்கேற்றினாள், ஆனால் முன்பு மாதிரி அதன் முன்னே நின்று முணுமுணுப்பதில்லை.

ஒரு நாள் அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, எந்த டப்பாவில் எந்தப் பருப்பு இருக்கிறது என்று காட்டினாள். கஞ்சி வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். ரேஷ்மிக்கு என்று ஒரு சேலையைத் தனியாக எடுத்து வைத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்ததும் கொஞ்ச நாள் குனிந்து நிமிர முடியாது, அதற்காகத்தான் என்றாள். கோலப்பன் அவ்வளவு மண்டு இல்லை. இவள் திரும்பி வருவோம் என்று நினைக்கவில்லை. அம்மன் வேண்டாம் என்று சொன்னதை மீறிப் போகிறோம், அதனால் உயிருக்கு ஏதாவது ஆகத்தான் செய்யும் என்று நம்புகிறாள். நம்பிக்கொண்டே தம்பிக்காகப் போகிறாள்.

அந்தப் பயத்தை அவளுக்குள் வைத்துக் கட்டினது அவர் கை. அவளைக் காப்பாற்றப் போய், அவளுக்கு இருந்த ஒரே துணையையும் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார். சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறந்தார். சொன்னால் அவள் நிம்மதியாகப் போவாள். போவதுதான் அவருக்கு வேண்டாமே. இந்தப் பயத்தில் கடைசி நேரத்திலாவது மனம் மாறிவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை வேறு. வெட்கக்கேடுதான், ஆனால் இருந்தது.

மனம் மாறவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு ஆஸ்பத்திரியில் ஒரு குழு தானம் செய்கிறவரையும் அவர் குடும்பத்தையும் நேரில் விசாரிக்கும். வற்புறுத்தல் ஏதும் இல்லை என்று தெரிய வேண்டும் அவர்களுக்கு. கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா மலையாளத்தில் நிதானமாகக் கேட்டாள். தம்பி வீட்டில் யாராவது நெருக்கினார்களா, கணவர் சொல்லித்தான் வந்தீர்களா, இது உங்கள் சொந்தத் தீருமானம்தானா?

உலகம்மை மலையாளத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"வீட்டுக்காரருக்கு இஷ்டமில்ல டாக்டரே. சாமிகிட்டயும் கேட்டேன், சாமியும் வேண்டாம்னுட்டு. அப்பம் இது என் சொந்தத் தீருமானந்தானே?"

டாக்டரம்மாவுக்குத் தமிழ் புரிந்தது. பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு கோலப்பன் பக்கம் திரும்பி, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

கோலப்பன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்துப் போயிருந்தது. சம்மதம் என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். கரமனை போகிற பஸ் ஒன்று வந்தது. அவள் எழுந்தாள். கோலப்பன் எழுந்திருக்கவில்லை.

"உலகு, இரி. ரெண்டு பொட்டலத்துலயும் தெச்சியாக்கும் வச்சேன்."

அவள் நின்றபடியே அவரைப் பார்த்தாள். பஸ் போய்விட்டது. மெல்ல உட்கார்ந்தாள். எதிரே ஒருவன் கரும்பு பிழிந்துகொண்டிருந்தான், அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கோலப்பனுக்கு அவள் கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"பாவம் அம்மன்," என்றாள் கடைசியில். "வாயே தொறக்கல்ல. நானாக்கும் இத்தனை நாளும் அவளுக்கு மொகங்குடுக்காம நடந்தேன்."

அவர் தட்டுத்தடுமாறி, மறுபடி கேட்டுப் பார்ப்போமா, இந்தத் தடவை ஒழுங்காகக் கட்டித் தருகிறேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம். அவ என்ன சொன்னாலும் நான் குடுக்கத்தான் போறேன். பின்ன என்னத்துக்கு அவளைக் கேட்டுச் சங்கடப்படுத்தணும்?"

அடுத்த பஸ்ஸில் அவள் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரமனையில் இறங்கி, அவருக்காகக் காத்திராமல் விறுவிறுவென்று நடந்தாள். வீட்டைத் தாண்டினாள். கோயில் நடையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கோலப்பன் வெளியே நின்றார். உள்ளே போற்றிகூட இல்லை. கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மனிடம் பேசிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் பார்க்காத சொந்தக்காரியிடம் பேசுகிற மாதிரி, பழைய முணுமுணுப்பு. லிங்கத்தைப் பற்றி ஏதோ சொன்னாள், ரேஷ்மி வரப்போவதைச் சொன்னாள். பாதி அவர் காதில் விழவில்லை. பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் தெருவில் அந்நேரம் ஒரு வண்டியும் போகாததால் அது தெளிவாகக் கேட்டது.

"அவரை ஒண்ணும் நெனச்சுக்காத தாயே. பயந்துட்டாரு."

கோலப்பன் நடைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் வெளியே வருகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.